ஸ்கேன்ல பல் எல்லாம் சிவப்பாத் தெரியுது, எட்டு கேப் போடணுமாம். நம்பலாமா?

மதுரைக்காரன்78 (இழையைத் தொடங்கியவர்) · ஆகஸ்ட் 3, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

வயசு 46, வங்கி வேலை. தூக்கத்துல பல்லைக் கடிக்கிறேன்னு வீட்டுக்காரம்மா பத்து வருஷமாச் சொல்லுறாங்க. "ராத்திரி பூரா யாரோ பக்கத்துல உக்காந்து பொரிகடலை திங்கிற மாதிரி இருக்கு"ங்கிறது அவங்க வாக்கு. நான் காதுல போட்டுக்கல. போன ஜனவரியில பல் சுத்தம் பண்ணப் போனப்ப, தடியான டார்ச் மாதிரி ஒண்ணை வாய்க்குள்ள விட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டுனாங்க. அஞ்சு நிமிஷத்துல என் பல்வரிசை மொத்தமும் டிவியில சுத்துது. சும்மா ஒரு ரெக்கார்டுக்குன்னாங்க.

ஜூலையில ஐஸ் தண்ணி குடிச்சா சுரீர்ன்னு கூச்சம். அதே இடத்துக்குப் போனேன். மறுபடி ஸ்கேன். பழசு மேல புதுசை வெச்சுக் காட்டுனா, கீழ்க் கடைவாய்ப் பல்லெல்லாம் மிளகாய்ப்பொடி தூவுன மாதிரி சிவப்பு. "ஆறு மாசத்துல 180 மைக்ரான் போயிருக்கு சார், இப்படியே விட்டா பல்லே மிஞ்சாது"ன்னு சொல்லி, கீழ்த்தாடையில ரெண்டு பக்கமும் எட்டுப் பல்லுக்கு கேப் போடச் சொல்றாங்க. ஒண்ணு 9,000. மொத்தம் 72,000. கையில ஒரு கலர் பிரிண்டும் குடுத்தாங்க.

இந்த ஸ்கேன் நிஜமாவே தேய்மானத்தைக் கண்டுபிடிக்குமா? 180 மைக்ரான்னா அதிகமா? கிளினிக் பேரைக் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

வேப்பங்குச்சி · ஆகஸ்ட் 3, இரவு 11:05

72,000ஆ! எங்க அப்பாரு 84 வயசு வரைக்கும் வேப்பங்குச்சியில வெளக்கிட்டு முறுக்கைக் கடிச்சுத் தின்னாரு. எந்த டார்ச்சும் அவர் வாய்க்குள்ள போகல. பேசாம வீட்டுல இருங்க தம்பி.

மெழுகுபொம்மை · ஆகஸ்ட் 3, இரவு 11:31

அப்பாரு பல்லைக் கிட்டத்துல பாத்தீங்களாண்ணே? அந்தக் காலத்துப் பல் முக்காவாசி தட்டையாத்தான் இருக்கும். அம்மி, உரல், திருகையில அரைச்ச மாவுல கல்லும் சேர்ந்தே வரும். பழைய மண்டையோடுகள்ல பல் மேல் தளம் மழுங்கிக் கிடக்கிறதுக்குக் காரணமே அந்த மாதிரி மண்ணும் கல்லும்தான்னு சொல்றாங்க. தேயறது புதுசு இல்ல, அளக்கறதுதான் புதுசு.

மதுரை பாஸ், நான் டென்டல் லேப்ல 22 வருஷம். முதல்ல மெழுகு செதுக்கினேன், இப்போ கம்ப்யூட்டர்ல கேப் டிசைன். தினம் நாலு ஊர் ஸ்கேன் வருது. ஒண்ணு சொல்றேன். ஈரத்தோட எடுத்த ஸ்கேன்ல பல் மேல இருக்கற பள்ளம் தெரியாது. எச்சில் அங்க குளம் மாதிரி நிக்கும், மெஷின் தண்ணி மட்டத்தைப் பல்லுன்னு நெனச்சுக்கும். ஜனவரியில ஈரம், ஜூலையில நல்லா காத்தடிச்சுக் காயவெச்சு எடுத்திருந்தா, நடுப் பள்ளம் "ஆழமாயிடுச்சு"ன்னு காட்டும். ஸ்கேனர் முனைக் கண்ணாடியில மூச்சுக்காத்து பட்டுப் பனி பிடிச்சாலும் இதே கதிதான். பிரிண்ட்ல சிவப்பு பள்ளத்துல இருக்கா, மேட்டுல இருக்கா?

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 4, காலை 6:20

பல் மருத்துவர், கோவைங்க. செயற்கைப் பல் கட்டுறதுதான் என் பிரிவு, ஸ்கேனர் நானும் வெச்சிருக்கேன். அதனால கருவிக்கு எதிராப் பேசப் போறதில்லை.

முதல்ல கணக்கு. கடைவாய்ப் பல் முகட்டுல எனாமல், அதாவது பல்லோட வெளி ஓடு, அதிகபட்சம் சுமார் 2.5 மி.மீ. கனம், அதாவது 2,500 மைக்ரான். நம்ம தலைமுடி கிட்டத்தட்ட 70 மைக்ரான். சாதாரணமா மென்னு திங்கறதால கடைவாய்ப் பல்லுல வருஷத்துக்கு 29 மைக்ரான், முன் கடைவாய்ப் பல்லுல 15 மைக்ரான் தேயுதுன்னு 1989ல வந்த ஒரு அளவீட்டை இன்னிக்கும் நாங்க மேற்கோள் காட்டறோம். வருஷத்துக்கு அரை முடி கூட இல்லைங்க.

ஆறு மாசத்துல 180ன்னா வருஷத்துக்கு 360. அந்த வேகத்துல ஏழே வருஷத்துல எனாமல் மொத்தமும் காலி. நீங்க பத்து வருஷமாக் கடிக்கறீங்க. இன்னும் கேப் போடற அளவுக்குப் பல் மிச்சம் இருக்குதுங்களே? ஒண்ணு இந்த ஆறு மாசத்துல ஏதோ புதுசா நடந்திருக்கணும், இல்ல அந்த 180 தப்பா இருக்கணும்.

பிரிண்ட்டைப் பாத்து மூணு விஷயம் சொல்லுங்க. பக்கத்துல கலர் பட்டை இருக்கும், அதுல மேல கீழ என்ன எண்? சிவப்பு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குதா? ஈறு என்ன கலர்ல இருக்குது?

மதுரைக்காரன்78 · ஆகஸ்ட் 4, இரவு 9:15

மேடம், லென்ஸ் வெச்சுப் பாத்துட்டேன். பட்டையில மேல +0.20, கீழ −0.20. சிவப்பு கீழ்ப்பக்கம். இடது கடைவாய்ப் பல்லு எல்லாம் சிவப்பு, கடைசிப் பல்லுல அதிகம், முன்னாடி வர வர மங்கிப் பச்சை. வலது பக்கம்... நீலம்! கடைசிப் பல்லுல நல்லா கருநீலம். ஈறும் அந்தந்தப் பக்கம் அதே கலர்தான்.

மெழுகுபொம்மை அண்ணே, பள்ளம் மேடுன்னு வித்தியாசமே இல்ல. பல்லு முழுக்கப் பூசுன மாதிரி இருக்கு.

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 4, இரவு 9:40

நீலம்னா அந்தப் பட்டைப்படி "கூடியிருக்கு"ன்னு அர்த்தம். உங்க வலது பக்கப் பல் ஆறு மாசத்துல வளர்ந்திருக்குதுங்க, வாழ்த்துக்கள் :)

எனாமல் வளராது. முளைச்சு முடிஞ்ச பல்லுல அதை உண்டாக்கற செல்லே கிடையாது. புது ஃபில்லிங் இல்லாத இடத்துல ஒரு படம் "வளர்ச்சி" காட்டுச்சுன்னா, அது எவ்வளவு காட்டுதோ அவ்வளவு அந்தப் படத்தோட பிழை. நான் எந்தக் கலர் படத்துலயும் முதல்ல தேடறது இழப்பை இல்லை, இந்தப் பொய் வளர்ச்சியைத்தான். உங்க படத்துல அது இழப்புக்குச் சமமா இருக்குது. ஈறும் சேர்ந்து நிறம் மாறியிருக்குதுன்னா, ரெண்டு படத்தையும் சாய்ச்சுப் பொருத்திட்டாங்க.

இதுல எனக்குக் கோபம் வர்ற இடம் ஒண்ணு இருக்குது. கேப் போட மேல் தளத்துல மட்டும் 1 முதல் 1.5 மி.மீ. செதுக்கணும். 180 மைக்ரான் போச்சுன்னு பயந்து, 1,500 மைக்ரானை நாமே எடுக்கறதுங்க அது. அதுலயும் "வளர்ந்த" பக்கத்துக்கும் சேர்த்து.

வேப்பங்குச்சி · ஆகஸ்ட் 4, இரவு 9:52

நான் அப்பவே சொன்னேன்.

புள்ளிமேகம் · ஆகஸ்ட் 4, இரவு 11:58

எனக்குப் பல் தெரியாது, ஸ்கேன் தெரியும். பாலம், அணைக்கட்டு, மலைச்சரிவு இதையெல்லாம் லேசர்ல அளந்து, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் எவ்வளவு நகர்ந்ததுன்னு சொல்றது என் தொழில். டாக்டர் சொன்ன "சாய்ச்சுப் பொருத்திட்டாங்க" எப்படி நடக்குதுன்னு சொல்றேன்.

நிலத்துல ஒரு சரிவு இறங்கியிருக்கான்னு பாக்கணும்னா, நகராத சர்வே கல் ஒண்ணைப் பிடிச்சு ரெண்டு அளவையும் அதுல கட்டுவோம். மீதி எவ்வளவு விலகுதோ அதுதான் நகர்வு. கல்லே இல்லாம, மொத்தச் சரிவையும் மொத்தச் சரிவு மேல உத்தேசமாப் பொருத்துன்னு மென்பொருள்கிட்ட விட்டா, அது வித்தியாசத்தை எல்லா இடத்துக்கும் பங்கு போட்டுடும். இறங்கின இடத்துல இறக்கம் குறையும், இறங்காத இடம் உசந்த மாதிரி காட்டும். 1992லிருந்து புழங்குற ஐ.சி.பி.ன்னு ஒரு முறை இருக்கு. பக்கத்துப் புள்ளியைத் தேடித் தேடி ஒட்டிக்கிட்டே போகும். நல்ல முறைதான், ஆனா அதுக்கு எது கல், எது சரிவுன்னு தெரியாது. நாமதான் சொல்லணும்.

பல்லுல சர்வே கல் எதுங்க டாக்டர்?

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 5, காலை 6:05

அருமையான கேள்வி. கன்னத்தைப் பாத்த பக்கமும் நாக்கைப் பாத்த பக்கமும். பல் கடியில அந்தப் பக்கச் சுவர்கள் ஒண்ணோட ஒண்ணு உரசறதில்லை. ஈறு கூடாது, அது வீங்கும், சுருங்கும். ஒவ்வொரு பல்லையும் தனியா வெட்டி எடுத்து, அதோட பக்கச் சுவரை மட்டும் வெச்சுப் பொருத்தி, மேல் தளத்தை அளக்கணும். இங்கிலாந்துல லீட்ஸ் பல்கலைக்கழகத்துல இதுக்குன்னே வேர்கம்பேர்னு ஒரு இலவச மென்பொருள் செஞ்சிருக்காங்க. அதுவும் இதே வழிதான்.

மொத்தத் தாடையையும் ஒரே துண்டாப் பொருத்தறதுல இன்னொரு சிக்கல். ஸ்கேனர் ஒரு தடவைக்கு விரல் நகம் அளவுதான் பாக்குது. ஆயிரக்கணக்கான சின்னப் படங்களை ஒட்டி ஒட்டித்தான் தாடை ஆகுது. ஒரு கடைசிப் பல்லுல ஆரம்பிச்சு மறு கடைசிக்குப் போறதுக்குள்ள ஒட்டுப்பிழை சேர்ந்துக்கும். ஒரே பல்லுன்னா 10, 20, 30 மைக்ரானுக்குள்ள நம்பலாம். முழுத் தாடைன்னா 100 வரைக்கும் விலகினாலும் ஆச்சரியப்பட மாட்டேன்.

மெழுகுபொம்மை · ஆகஸ்ட் 5, காலை 8:47

இந்த மெஷின் எதுக்குப் பொறந்துச்சுன்னு நெனச்சுப் பாருங்க. தேய்மானம் பாக்க இல்ல. 1985ல சூரிச் பல்கலைக்கழகத்துல வாய்க்குள்ள கேமரா விட்டு அளந்து, பக்கத்துலயே பீங்கான் துண்டைக் கடைஞ்சு, அன்னிக்கே நோயாளி பல்லுல ஒட்டினாங்க. செரெக்னு பேரு. பல் பளபளப்புல கேமரா ஏமாறும்னு வெள்ளைப் பொடி தூவித்தான் அப்போல்லாம் எடுப்பாங்க. பொடி தூவின ஸ்கேனரை நானும் பாத்திருக்கேன், நோயாளி தும்மினார்னா கதை கந்தல். கேப் உக்காரணும்னா 50, 100 மைக்ரான் அப்படி இப்படி இருந்தாலும் சிமெண்ட் பாத்துக்கும். அதே மெஷினை வெச்சு வருஷத்துக்கு 29 மைக்ரானைத் துரத்தறோம். அரிசி மூட்டைத் தராசுல மூக்குத்தி நிறுக்கற மாதிரி. தராசு பொய் சொல்லல. ரெண்டு வருஷம், மூணு வருஷம் விட்டு நிறுத்தா அதுக்கே தெரியும்.

புதுஅம்மா · ஆகஸ்ட் 5, மதியம் 1:10

நடுவுல வந்ததுக்கு மன்னிக்கணும். ஏழு மாசம் எனக்கு. இந்த ஸ்கேன்ல எக்ஸ்ரே மாதிரி கதிர் எதாவது உண்டா?

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 5, மதியம் 1:32

இல்லைங்கம்மா, வெறும் வெளிச்சம்தான். மேலோட்டத்தை மட்டும் பாக்கும், பல்லுக்குள்ள போகாது. பயப்படாம எடுத்துக்கலாம். மசக்கையில வாந்தி அதிகமா இருந்திருந்தா எடுத்து வெச்சுக்கறது நல்லதும் கூட. வாந்தி எடுத்த உடனே பல் தேய்க்காதீங்க, தண்ணியில கொப்பளிங்க.

வடலி · ஆகஸ்ட் 5, இரவு 11:20

நான் லண்டனிலை இருக்கிறன், ஊர் யாழ்ப்பாணம். என்ரை கதையையும் சொல்லிறன்.

ரெண்டு வருசத்துக்கு முதல் என்ரை பல் வைத்தியர் ஸ்கேன் எடுத்து வைச்சவர். போன வருசம் திருப்பி எடுத்தவர். கடைவாய்ப் பல்லிலை பெரிசா ஒண்டுமில்லை. மேல் முன்பல்லின்ரை உள்பக்கம், நாக்குப் படுற பக்கம், அதிலை மட்டும் தேய்வு. பக்கத்துப் பல்லெல்லாம் பச்சையா இருக்க அந்த நாலும் மட்டும் நிறம் மாறிக் கிடந்தது. கண்ணாடியிலை நான் ஒருநாளும் பாக்காத இடம். அவர் கேப் எண்டு ஒரு சொல்லும் கதைக்கேல்லை. கேட்ட முதல் கேள்வி, "உங்களுக்கு இரவிலை நெஞ்செரிவு இருக்கோ?" எண்டுதான்.

எனக்குத் திகைச்சுப் போச்சு. புளிச்சேப்பம் எண்டு நினைச்சு வருசக்கணக்கா சோடா குடிச்சுக்கொண்டு திரிஞ்சனான். குடும்ப வைத்தியரிட்டை அனுப்பினார். இரைப்பை அமிலம் மேலை வாறதுதானாம். மருந்து எடுத்தாப் பிறகு கூச்சமும் குறைஞ்சிட்டுது.

மதுரைத் தம்பி, உங்களிட்டை ஆரும் கேள்வி கேட்டவையோ, இல்லாட்டி படத்தை மட்டும் காட்டினவையோ?

மதுரைக்காரன்78 · ஆகஸ்ட் 6, காலை 7:02

அக்கா, ஒரு கேள்வியும் கேக்கல. இப்ப யோசிச்சாத்தான் உறைக்குது.

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 6, காலை 7:30

அப்ப நான் கேக்கறேங்க. கூல் டிரிங்க்ஸ்? நெஞ்செரிவு? வெத்தலை பாக்கு? பல்பொடியா பேஸ்ட்டா, பிரஷ் கடினமானதா? ஜனவரிக்கு அப்புறம் சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா? அப்புறம், மொபைல் டார்ச் அடிச்சுக் கண்ணாடியில கீழ்க் கடைவாய்ப் பல் முகட்டைப் பாருங்க. தீக்குச்சித் தலை அளவுக்கு, சின்னதா மஞ்சளாக் குழி ஏதாச்சும் தெரியுதா?

மதுரைக்காரன்78 · ஆகஸ்ட் 6, இரவு 10:18

வெத்தலை இல்ல. கூல் டிரிங்க்ஸ் எப்பவாவது. நெஞ்செரிவு கிடையாது. பேஸ்ட்தான்.

மாத்துனது... பொங்கலுக்கு அப்புறம் தொப்பையைக் குறைக்கணும்னு காலையில வெறும் வயித்துல வெந்நீர், தேன், ஒரு முழு எலுமிச்சம்பழம். குடிச்ச கையோட பல் வெளக்குவேன், வாய் புளிப்பா இருக்குன்னு. ஏழு மாசமா ஒரு நாள் தவறல. இதையா கேக்கிறீங்க?

குழி இருக்கு மேடம். இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ரெண்டு. நாக்குல தடவினா விளிம்பு தட்டுது. இத்தனை நாளா இதைப் பாக்கவே இல்ல.

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 7, காலை 6:11

இதையேதான்.

எனாமல் கரைய ஆரம்பிக்கிற எல்லை சுமார் பி.எச். 5.5 (இந்த எண் குறையக் குறைய அமிலம் அதிகம்). எலுமிச்சைச் சாறு 2, 2.5 பக்கம். தினம் காலையில அமிலத்துல ஊறவெச்சு, மேல் பரப்பு இளகின நேரம் பாத்து பிரஷ் போட்டுத் தேய்ச்சு, ராத்திரி கடிச்சு அரைக்கறீங்க. மூணும் ஒண்ணை ஒண்ணு தூக்கி விடும். கடியில மட்டும் தேஞ்ச பல் தட்டையா, பளபளப்பா, மேல் பல்லோட அச்சாப் பொருந்தும். முகடு இப்படிக் குழியறது பெரும்பாலும் அமிலம் பட்ட பல்லுல. குழிக்குள்ள மேல் பல் போய் உரசவே முடியாதுங்களே. மஞ்சள் தெரியறது எனாமலுக்கு அடியில இருக்கற டென்டின், கூச்சம் அங்கிருந்துதான்.

ஆக உங்களுக்குத் தேய்மானம் இல்லைன்னு நான் சொல்லல. 180ம் எட்டு கேப்பும் இல்லைங்கறேன். ரெண்டு ஸ்கேன் கோப்பையும் கேட்டு வாங்குங்க. உங்க வாயோட அளவு, உங்களுக்குக் கிடைக்கணும்.

எலுமிச்சை வேணும்னா மதியச் சாப்பாட்டோட. பல் வெளக்கறது அதுக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கணும்.

மதுரைக்காரன்78 · ஆகஸ்ட் 16, மாலை 4:44

கோப்பு கைக்கு வந்துருச்சு. முதல்ல "அதெல்லாம் குடுக்க மாட்டோம்"ன்னாங்க. வேற டாக்டர்கிட்ட காட்டணும்னு நின்னேன், முக்கால் மணி நேரம் உக்காரவெச்சுட்டு பென் டிரைவ்ல குடுத்தாங்க. எஸ்.டி.எல்.னு ரெண்டு முப்பரிமாண வடிவக் கோப்பு.

நேத்து ஞாயித்துக்கிழமை புள்ளிமேகம் தம்பி போன்ல சொல்லச் சொல்ல, கிளவுட்கம்பேர்னு ஒரு இலவச மென்பொருளை இறக்கி நானே பாத்தேன். முதல்ல மொத்தமாப் பொருத்துனா, அதே இடது சிவப்பு, வலது நீலம். அப்புறம் இடது முதல் கடைவாய்ப் பல்லை மட்டும் வெட்டி, பக்கச் சுவரை வெச்சுப் பொருத்துனோம். சிவப்பு அப்படியே வடிஞ்சு போச்சு. கடைசியில கன்னப் பக்க முகட்டுல ஒரே ஒரு பொட்டு, 40 மைக்ரான்கிட்ட. மீதி எல்லாம் கூட்டல் 20, கழித்தல் 20ன்னு பச்சை. அந்தப் பொட்டு எங்கன்னா, டார்ச் அடிச்சப்ப குழி தெரிஞ்ச அதே முகடு.

புள்ளிமேகம் · ஆகஸ்ட் 16, மாலை 5:20

அந்த +20/−20 பச்சையை நாங்க இரைச்சல்னு சொல்லுவோம். 40 அதுக்குக் கொஞ்சம்தான் மேல. தனியா இருந்தா நான் பெருசா நம்பியிருக்க மாட்டேன். கண்ணுல பாத்த குழியும் அதே இடத்துல இருக்கறதாலதான் எடுத்துக்கறேன். டாக்டர் ஒப்புக்கணும்.

டாக்டர்_நொய்யல் · ஆகஸ்ட் 16, இரவு 9:02

ஒத்துக்கறேங்க. ஆனா வீட்டுல பாத்ததை வெச்சு முடிவு எடுக்காதீங்க. மதுரையிலயே வேற ஒருத்தர்கிட்ட நேர்ல காட்டுங்க. வாயை ஆறு பகுதியாப் பிரிச்சு, தேய்மானம் கூடக் கூட ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் போடற பியூவின்னு ஒரு முறை 2008லிருந்து இருக்குது. கூட்டினா 18க்கு எத்தனைன்னு வரும். அதுக்குக் கண்ணும் கண்ணாடியும் போதும். ஸ்கேனை அதோட சேத்து வைக்கணும்.

மதுரைக்காரன்78 · பிப்ரவரி 9, இரவு 9:30

ஆறு மாசம் கழிச்சு வர்றேன். பாதியில விட்டுட்டுப் போனான்னு யாரும் திட்டிறக் கூடாதுல்ல.

வேற டாக்டரைப் பாத்தேன். பெரியவர், ஸ்கேனர் இல்லாதவர். 18க்கு 7 போட்டார். கேப் ஒண்ணும் வேணாம்னுட்டார். குழி மூணையும் பல் கலர்ல அடைச்சார், ராத்திரிக்குப் பல்லு மேல மாட்டிக்கிற உறை, நைட் கார்டு, போட்டு விட்டார். அப்புறம் அவரே ஒரு இடத்துக்கு அனுப்பி, பல்லை நல்லாக் காயவெச்சு ஒரு ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அடைச்சதுக்கு அப்புறம் எடுத்ததாச்சே, இனிமே இதுதான் முதல் ஸ்கேன். அடுத்தது ஒரு வருஷம் கழிச்சு, அதே மெஷின்ல. கூச்சம் போயிருச்சு. எலுமிச்சம்பழம் ரசத்துல மட்டும்.

நைட் கார்டைக் காலையில கழட்டி வெளிச்சத்துல பாத்தா, பூனை பிறாண்டுன மாதிரி கோடு கோடா இருக்கு. அம்புட்டும் நான் கடிச்சது. வீட்டுக்காரம்மாகிட்ட காட்டுனேன். "பத்து வருஷமா வாயால சொன்னப்ப நம்பல"ன்னாங்க.

வேப்பங்குச்சி · பிப்ரவரி 10, காலை 5:50

தம்பி, சந்தோஷம். டாக்டரம்மாகிட்ட ஒண்ணு கேக்கணும். என் மகளுக்கு 2011ல கிளிப் போட்டப்ப எடுத்த மாவு அச்சு பரண்ல இருக்கு. அதுவும் இப்ப ராத்திரி பல்லைக் கடிக்குதுன்னு மாப்பிள்ளை சொல்றாரு. அந்த அச்சை வெச்சு ஒப்பிட்டுப் பாக்க முடியுமா? கீழ விழுந்து ஒரு பல்லு மட்டும் மூக்கு உடைஞ்சிருக்கு.

டாக்டர்_நொய்யல் · பிப்ரவரி 10, காலை 6:15

தாராளமாங்க ஐயா, மாவு அச்சையும் லேப்ல ஸ்கேன் பண்ணலாம். அத்தனை வருஷத்துத் தேய்மானம்னா நல்லாவே தெரியும். துணியில சுத்தி பத்திரமா எடுத்து வைங்க. உடைஞ்சது எந்தப் பல்லுங்க?